தாழ்த்திய பிக்கப்பில் பினியன் கோணம்: ஆப்பா, வெல்டிங்கா, ஃபோர்-லிங்க்கா?

பழைய ஷெவ்ரலே சி-10 பிக்கப் ஒன்றை வாங்கி, நான்கு அங்குலம் தாழ்த்தி, வண்ணமும் அடித்து முடித்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். மணிக்கு 55 மைலைத் தாண்டினால் இருக்கைக்கு அடியில் ஓர் உறுமல் கேட்கிறது. டயரை பேலன்ஸ் செய்தாகிவிட்டது, டிரைவ் ஷாஃப்டையும் பேலன்ஸ் செய்தாகிவிட்டது, ஆனாலும் போகவில்லை. இனி அச்சுக்கடியில் ஆப்பு வைப்பதா, அச்சில் ஸ்பிரிங் உட்காரும் இருக்கையை வெட்டி வெல்டிங் செய்வதா, அல்லது பின்பக்கம் முழுவதையும் கழற்றிவிட்டு, அச்சை நான்கு தண்டுகளால் பிடிக்கும் ஃபோர்-லிங்க் போட்டுவிடுவதா?

இந்த மூன்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. வண்டியை எந்த வழியில் தாழ்த்தினீர்கள், அதில் பினியன் கோணம், அதாவது டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் பல்தண்டின் சாய்வு, எங்கே தொலைந்தது என்று தெரிந்தால் பதில் தானாக வந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள கோணம் காட்டும் ஒரு காந்த ரசமட்டமும் அரைமணி நேரமும் போதும். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடாமல் ஆயிரம் டாலருக்கு மேல் உதிரிபாகம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

## எதை வைத்து எடைபோடுவது

டிரைவ் ஷாஃப்டின் முனைகளில் உள்ள மடங்கும் மூட்டான யு-ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடி, இரண்டு முறை குறைகிறது. 3 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் வெறும் 0.14 சதவீதம். 10 டிகிரியில் 1.5 சதவீதம். அதாவது கோணம் மூன்று மடங்கைச் சற்றே தாண்டினால், ஆட்டம் பத்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயிண்ட்டுகள் ஒரே அளவு கோணத்தில், ஒரே வரிசையில் இருந்தால் முன்னது செய்யும் குழப்பத்தைப் பின்னது சரிசெய்துவிடும். கியர்பாக்ஸின் வெளித்தண்டும் டிஃபரன்ஷியலின் பினியனும் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் இணையாக இருப்பது மட்டும் போதாது. இடையில் உள்ள ஷாஃப்ட் அப்போதும் துடித்துத் துடித்துத்தான் சுற்றுகிறது. எனவே கோணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஸ்பைசர் என்ற பிராண்டின் ஜாயிண்ட்டுகளுக்கான பரிந்துரையில், ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, 5,000 சுற்றானால் 3 டிகிரியும் சொச்சமும். 28 அங்குல டயரும் 3.73 பல்விகிதமும் உள்ள வண்டி 60 மைல் வேகத்தில் ஓடும்போது ஷாஃப்ட் ஏறக்குறைய 2,700 சுற்று சுற்றுகிறது. நெடுஞ்சாலைக்கு 3 டிகிரியைச் சுற்றி இருந்தால் நிம்மதி.

கீழ்வரம்பும் உண்டு. பலர் மறப்பது இதைத்தான். கோணம் பூஜ்யமானால் ஜாயிண்ட்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸின் ஊசி பேரிங்குகள் உருளவே உருளா. நின்ற இடத்திலேயே அடிவாங்கி, கிராஸின் தண்டில் வரிவரியாகப் பள்ளம் விழும். ஜாயிண்ட்டைக் கழற்றி கிரீஸைத் துடைத்துப் பார்த்தால், நகத்தை ஓட்டினாலே அந்த வரிகள் தட்டுப்படும். குறைந்தது அரை டிகிரி, முடிந்தால் 1 டிகிரி வேண்டும். தாழ்த்திய வண்டிகளில் இந்தக் கீழ்வரம்புதான் அதிகம் மீறப்படுகிறது. மேல்வரம்பு மீறப்படுவது பெரும்பாலும் உயர்த்திய வண்டிகளில்.

கடைசியாக, வேகம் எடுக்கும்போது பினியன் மூக்கைத் தூக்கும். பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொள்வதால் அதில் இந்தத் தூக்கல் அதிகம். நீளமான டிரெய்லிங் ஆர்ம்களிலும் (முன்முனை கீலில் ஆட, பின்முனையில் அச்சைத் தாங்கும் சட்டங்கள்) ஃபோர்-லிங்க்கிலும் குறைவு. அதற்கு ஈடாக, நிற்கும் நிலையில் மூக்கைச் சற்றே தாழ்த்தி வைக்கிறோம். பட்டை ஸ்பிரிங்குக்கு 1 முதல் 2 டிகிரி, மற்றவற்றுக்கு 1 டிகிரி அல்லது அதற்கும் குறைவு.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பவை இவை: இந்த வரம்புகளுக்குள் கொண்டுவருகிறதா, சுமை ஏற்றினாலும் வண்டி குதித்தாலும் அங்கேயே நிற்கிறதா, விலைச்சீட்டில் இல்லாத செலவு என்ன, பிடிக்காவிட்டால் திரும்ப எடுக்க முடியுமா.

## முதலில் மூன்று எண்கள்

வண்டி தன் நான்கு சக்கரங்களில் நிற்க வேண்டும். சேசிஸை ஜாக்கியில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் கிடைக்கும் எண் எதற்கும் உதவாது. டேங்கில் பெட்ரோல் இருக்கட்டும். பின்னால் எப்போதும் ஒரு கருவிப்பெட்டி கிடக்கும் என்றால் அதுவும் இருக்கட்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்த வண்டியானால் தரையில் படுக்கவைத்து அளக்காதீர்கள். ஓடும் உயரத்தில் நிறுத்தி அளக்க வேண்டும்.

கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றும் பின்னோக்கி எத்தனை டிகிரி சரிகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்னோக்கி மேலேறினால் கழித்தல் குறி. முன் ஜாயிண்ட்டின் கோணம் முதல் இரண்டின் வித்தியாசம். பின் ஜாயிண்ட்டின் கோணம் கடைசி இரண்டின் வித்தியாசம். தரை சாய்வாக இருந்தாலும் வண்டி மூக்கு தாழ்ந்து நின்றாலும் கவலை இல்லை, எல்லாமே ஒரே அளவு மாறுவதால் வித்தியாசம் மாறாது.

1967 முதல் 1972 வரையிலான சி-10 ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் பின்னச்சு இரண்டு நீண்ட டிரெய்லிங் ஆர்ம்களின் மேல் உட்கார்ந்து, சுருள் ஸ்பிரிங்கில் நிற்கிறது. (இதே வடிவத்திலிருந்து பிறந்த பின் சஸ்பென்ஷனைத்தான் நாஸ்காரின் முதன்மைப் பந்தயக் கார்கள் 2021 வரை வைத்திருந்தன. எனவே இதைப் பழைய தட்டுமுட்டு என்று கழித்துவிட வேண்டாம்.) ஆர்ம் நான்கு அடி, ஷாஃப்ட் ஐந்து அடி, பினியனின் முனை அச்சுக்கு ஓரடி முன்னால் என்று வைத்துக் கணக்குப் போட்டால், குட்டை ஸ்பிரிங் போட்டு நான்கு அங்குலம் தாழ்த்தும்போது நடப்பது இது (எண்கள் டிகிரியில்):

| நிலை | கியர்பாக்ஸ் | ஷாஃப்ட் | பினியன் | முன் ஜாயிண்ட் | பின் ஜாயிண்ட் |
|---|---|---|---|---|---|
| தாழ்த்தும் முன் | 3 | 6 | 3 | 3 | 3 |
| 4 அங்குலம் தாழ்த்தியபின் | 3 | 3 | −2 | 0 | 5 |
| 4 டிகிரி ஆப்பு வைத்தபின் | 3 | 2.5 | 2 | 0.5 | 0.5 |

இரண்டாவது வரிசையைப் பாருங்கள். முன் ஜாயிண்ட் அசையாமல் கிடக்கிறது, பின் ஜாயிண்ட் 5 டிகிரியில் தனியாகத் துள்ளுகிறது, அதை ஈடுகட்ட முன்னால் ஆளில்லை. 55 மைலில் கேட்கும் உறுமல் இதுதான். ஆர்மின் முன் கீல் அப்படியே இருக்க, பின்முனை மட்டும் மேலேறுவதால் அச்சு உருண்டு பினியன் மூக்கு கீழே கவிழ்ந்துவிட்டது. ஒவ்வோர் அங்குலத் தாழ்வுக்கும் 1 டிகிரிக்குச் சற்று மேல்.

## தாழ்த்தும்போதே கோணம் மாறாமல் பார்த்துக்கொள்வது

இன்னும் தாழ்த்தாதவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. 1973-க்குப் பிறகு வந்த சி-10களில் பின்னால் பட்டை ஸ்பிரிங். அங்கே தாழ்த்துவதற்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் பினியனை ஒவ்வொரு பக்கம் திருப்பும்.

அச்சு ஸ்பிரிங்குக்கு மேலே உட்காரும் வண்டியில், இரண்டுக்கும் நடுவே ஒரே தடிப்புள்ள கட்டை வைத்துத் தாழ்த்தினால் கோணம் மாறுவதில்லை. ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிளை மட்டும் மாற்றினால் ஸ்பிரிங்கின் பின்கண் மேலேறி, பினியன் மூக்கு தாழும். ஸ்பிரிங் 52 அங்குலம் நீளம் என்றால், கண் 2 அங்குலம் மேலேறுவதற்கு 2 டிகிரிக்குச் சற்று மேல். முன்முனையைச் சேசிஸில் பிடித்திருக்கும் ஹேங்கரை மட்டும் மாற்றினால் இதற்கு நேர்மாறு, மூக்கு எழும். இரண்டையும் ஒரே அளவு மாற்றினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கோணம் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

கடைக்காரர்கள் ஷேக்கிளைத் தனியாக விற்பதற்குக் காரணம் அது மலிவு, நான்கு போல்ட்டில் வேலை முடிந்துவிடும். ஹேங்கர் அப்படியல்ல. தொழிற்சாலையில் அடித்த ரிவெட்டுகளின் தலையை அரைத்து எடுத்து, துளையிட்டுப் போல்ட் பூட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுவதும் போகும். அதை மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு ஆப்பு வாங்க வருகிறார்கள்.

## எஃகு ஆப்பு

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் விடை. சில பத்து டாலர் விலை, 2, 4, 6 டிகிரி என்று கடையில் கிடைக்கும், பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். மேலே உள்ள அட்டவணையின் மூன்றாவது வரிசை, ஒரு 4 டிகிரி ஆப்பு செய்த வேலை. பினியன் 3-க்குப் பதில் 2-இல் நிற்கிறது. வேகம் எடுக்கும்போது மூக்கு எழுந்து ஏறக்குறைய இணையாகிவிடும். ஆர்வத்தில் 6 டிகிரி ஆப்பு வைத்திருந்தால் பினியன் 4-ஐத் தாண்டி, இரு ஜாயிண்ட்டுகளுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்திருக்கும். ஆப்பை எப்போதும் சற்றுக் குறைவாகவே தேர்ந்தெடுங்கள்.

விலைச்சீட்டில் இல்லாதவை இனி. அலுமினிய ஆப்பு வேண்டாம். பட்டை ஸ்பிரிங்கின் அழுத்தத்திலும் அதிர்விலும் விரிசல் விட்டு, மெல்லிய முனையிலிருந்து நொறுங்கும். அது நொறுங்கினால் அச்சை இறுக்கிக் கட்டியிருக்கும் யு-போல்ட் தளர்ந்துவிடும், யு-போல்ட் தளர்ந்தால் அச்சு நகரும். எஃகே வாங்குங்கள். பழைய யு-போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டாதீர்கள். ஒருமுறை இழுத்து முறுக்கியவை மறுமுறை அதே பிடிப்பைத் தருவதில்லை. ஆப்பின் தடிப்புக்கு ஏற்ப நடுபோல்ட்டின் தலை இருக்கையின் துளைக்குள் முழுதாக இறங்குகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இறங்காமல் விளிம்பில் ஏறி உட்கார்ந்தால், எவ்வளவு முறுக்கினாலும் அச்சு ஒருநாள் நழுவும்.

இன்னொன்று, அச்சு உருளும்போது அதனோடு பற்றவைத்த எல்லாமே உருளும். ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பிடி, பிரேக் ஹோஸ், கைபிரேக் கேபிள் மூன்றும் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூக்கை மேலே தூக்கும்போது பினியனின் முன் பேரிங்குக்கு எண்ணெய் போவதும் சற்றுக் குறையும். 4 டிகிரியில் இது ஒரு பொருட்டல்ல. ஆப்பை ஆப்பின் மேல் அடுக்கி 8, 10 என்று போகிறவர்கள் கவலைப்பட வேண்டும், அதற்கு முன் அடுக்குவதையே நிறுத்த வேண்டும்.

4 டிகிரி வரை தேவை, வண்டி மாதம் சில முறை ஓடுகிறது, பின்னால் பெரிய சுமை இல்லை என்றால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

## முன் கீலை உயர்த்துவது

டிரெய்லிங் ஆர்ம் வண்டிகளுக்கு மட்டும் உள்ள வழி. ஆர்மின் பின்முனை மேலேறியதால்தான் கோணம் கெட்டது. முன்முனையையும் உயர்த்திவிட்டால் ஆர்ம் பழைய சாய்வுக்குத் திரும்பும். கீல் இடத்தை மேலே தூக்கிய குறுக்குச்சட்டங்கள் விற்கின்றன. விலை சில நூறு டாலர், ரிவெட் அரைக்கும் வேலையும் உண்டு.

ஆப்பு செய்யாத ஒன்றை இது செய்கிறது. ஆர்ம் மீண்டும் கிடைமட்டத்தை ஒட்டி வேலை செய்வதால், வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அச்சு முன்பின்னாக நகர்வது குறையும். ஐந்து, ஆறு அங்குலம் தாழ்த்துகிறவர்கள் ஆப்பை விட்டுவிட்டு இதற்கு வருவது நல்லது. பின்னால் நீளமான சரக்குத் தொட்டி கொண்ட வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஷாஃப்டை நடுவில் பிடித்திருக்கும் சென்டர் பேரிங்கை எந்தச் சட்டம் தாங்குகிறது என்று வாங்கும் முன் பாருங்கள். புதிய சட்டத்தில் அதற்கு இடம் இல்லையென்றால், ஒரே துண்டு ஷாஃப்ட் செய்யச் சொல்வார்கள். நீளம் கூடக்கூட ஷாஃப்ட் வளைந்தாடத் தொடங்கும் வேகம் குறைந்துகொண்டே வரும். எனவே பெரிய விட்டக் குழாய் வேண்டும், தாழ்ந்த வண்டியின் அடிவயிற்றில் அதற்கு இடமும் வேண்டும். சட்டத்துக்குக் கொடுத்த காசைவிட ஷாஃப்டுக்கு அதிகம் கொடுக்க நேரலாம்.

## இருக்கையை வெட்டி வெல்டிங்

பட்டை ஸ்பிரிங் வண்டியில் அச்சை ஸ்பிரிங்குக்கு மேலே தூக்கி வைக்கும் ஃபிளிப் கிட் போடுகிறவர்களுக்கு இது ஏறக்குறைய கட்டாயம். ஃபிளிப் செய்தால் வண்டி ஐந்து ஆறு அங்குலம் இறங்கும். அச்சுக் குழாய் சேசிஸில் இடிக்காமல் இருக்க, சேசிஸில் சி வடிவ வெட்டு வெட்டி, வலுத்தகடு பூட்ட வேண்டும். இவ்வளவு வெட்டும் ஒட்டும் நடக்கும்போது, ஸ்பிரிங் இருக்கையையும் சரியான கோணத்தில் புதிதாக வெல்டிங் செய்துகொள்வதே முறை.

நன்மை வெளிப்படை: அரை டிகிரி வரை நினைத்த கோணத்தில் நிறுத்தலாம், இடையில் நழுவவோ நொறுங்கவோ ஒன்றும் இல்லை. சுமை ஏற்றும் வண்டிக்கும், இன்ஜினில் திறன் கூட்டிய வண்டிக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

வேலை நடக்கும் முறையில் ஒரு பட்டறை நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். இருக்கைகளை அச்சில் தளர்வாக வைத்து, யு-போல்ட்டை இலேசாகப் பூட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நாலைந்து முறை அமுக்கிக் குலுக்கி, பிறகு பினியனை ஜாக்கியால் தொட்டு நினைத்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் பொட்டு வெல்டிங் மட்டும். முழு வெல்டிங் அச்சைக் கழற்றிய பிறகு, ஒரு பக்கம் ஓர் அங்குலம், மறுபக்கம் ஓர் அங்குலம் என்று சூடு சேராமல். ஒரே மூச்சில் ஓட்டினால் அச்சுக் குழாய் வளையும். பிறகு உள்தண்டின் பேரிங்கும் சீலும் அடிக்கடி போகும், காரணமும் யாருக்கும் புரியாது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில், அளவுநாடாவும் கண்திட்டமுமாக இருக்கையை ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கோணத்தைத் தவறாக வைத்து வெல்டிங் செய்துவிட்டால், அதைச் சரிசெய்ய மறுபடி ஆப்புதான்.

## கியர்பாக்ஸையும் சென்டர் பேரிங்கையும் நகர்த்துவது

எல்லோரும் பினியனைப் பிடித்துக்கொண்டு போராட, கோளாறு முன்பக்கம் இருப்பதும் உண்டு. குறிப்பாக இன்ஜின் மாற்றிய வண்டிகளில். அளந்து பார்த்தால் கியர்பாக்ஸ் 6 டிகிரி சரிந்து கிடக்கும். கியர்பாக்ஸ் மவுண்ட்டுக்கு அடியில் தகடு வைத்து வாலை உயர்த்தினால் செலவு ஏறக்குறைய இல்லை. இன்ஜின் மவுண்ட்டுக்கும் கியர்பாக்ஸ் மவுண்ட்டுக்கும் மூன்றடி இடைவெளி என்றால், அரை அங்குலத் தகடு 0.8 டிகிரி தரும்.

ஆனால் இது 1 டிகிரி, மிஞ்சினால் 2 டிகிரிக்கான மருந்து. வால் உயர்ந்தால் இன்ஜின் முன்னோக்கிச் சாயும். கார்புரேட்டர் வைத்த அமெரிக்க வி-8 இன்ஜின்களில் பெரும்பாலும், இன்ஜின் ஏறக்குறைய 3 டிகிரி பின்சாய்ந்திருக்கும்போது கார்புரேட்டர் சமமாக நிற்கும்படி மானிஃபோல்டைச் சாய்த்துக் கடைந்திருப்பார்கள். அதைக் கெடுத்தால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஒரு பக்கம் ஒதுங்கும். கியர்பாக்ஸின் மேல்பக்கம் தரைத்தகட்டில் உரசினால் அது தனி உறுமல்.

இரண்டு துண்டு ஷாஃப்டில் சென்டர் பேரிங்கின் உயரமும் ஒரு திருகாணி மாதிரிதான். முன்துண்டு கியர்பாக்ஸோடு அரை முதல் ஒன்றரை டிகிரிக்குள் இருக்கட்டும். பிறகு முன்துண்டையும் பினியனையும் இணையாக்குங்கள். தாழ்த்தியபின் பின்துண்டு தட்டையாகிவிட்ட வண்டியில், பேரிங்குக்கும் சட்டத்துக்கும் இடையே கால் அங்குலத் தகடு ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பது, செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனை.

## சரிசெய்யக்கூடிய ஃபோர்-லிங்க்

அதிர்வைப் போக்குவதற்காக ஃபோர்-லிங்க் வாங்குவது வீண். ஆயிரம் டாலரைத் தாண்டும். சேசிஸில் வெல்டிங், புதிய ஷாக் பிடிகள், பெரும்பாலும் புதிய ஷாஃப்ட், கூலி எல்லாம் சேர்ந்தால் அந்த ஆயிரம் ஒரு தொடக்கம் மட்டுமே. காற்றுப் பை போட்டு வண்டியைத் தரையில் படுக்கவைக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்தவருக்கு இது சரியான வழி. கோணம் சரியாவது கூடவே வரும் நன்மை.

மேல் தண்டுகளின் திருகைத் திருப்பினால் பினியன் மூக்கு ஏறும், இறங்கும். இந்த வசதி வேறு எதிலும் இல்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது தண்டுகளின் நீளம். மேல்தண்டும் கீழ்த்தண்டும் சம நீளத்தில் இணையாக இருந்தால் வண்டி எந்த உயரத்தில் இருந்தாலும் பினியன் கோணம் மாறாது. மேல்தண்டு மிகக் குட்டை என்றால் உயரம் மாறும்போதெல்லாம் கோணமும் மாறும். ஓடும் உயரத்தில் சரியாக வைத்ததை, பாதி காற்று இறங்கிய நிலையில் ஓட்டினால் பயனில்லை. தண்டு முனைகளின் ரப்பர் புஷ்களும் உருள் ஜாயிண்ட்டுகளும் தேயும் பொருட்கள், அவற்றுக்கும் ஆண்டுதோறும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

இரண்டு யு-ஜாயிண்ட்டை ஒரே இடத்தில் சேர்த்த இரட்டை கார்டன் ஜாயிண்ட் வைத்த ஷாஃப்ட் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது ஷாஃப்ட் செங்குத்தாக இறங்கும் உயர்த்திய நான்கு சக்கர வண்டிகளுக்கான தீர்வு. தாழ்த்திய வண்டியில் ஷாஃப்ட் தட்டையாகத்தான் இருக்கும். தேவையில்லை.

## பூட்டிய பிறகு

சில நூறு மைல் ஓடியதும் யு-போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். புதிய ஸ்பிரிங் என்றால் அது சற்று அமர்ந்திருக்கும். மூன்று எண்களையும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். ஷாஃப்டின் முன்முனையில் சறுக்கி நுழையும் ஸ்லிப் யோக் கியர்பாக்ஸுக்குள் முட்டாமல் முக்கால் முதல் ஓர் அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். ஷாஃப்டை வெட்டிச் சுருக்கியிருந்தால், இரு முனை யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். ஒரு பல் மாறிப் பூட்டிய ஷாஃப்ட், எவ்வளவு நல்ல கோணத்தையும் தோற்கடித்துவிடும்.

இன்னும் அதிர்வு மிச்சமிருந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்தால் பினியன் மூக்கு தேவைக்கு மேல் உயர்ந்திருக்கிறது. காலை எடுத்தவுடன் வந்தால் தாழ்ந்திருக்கிறது. 1 டிகிரி மாற்றிப் பாருங்கள். வேகம் குறையாத நேரான சாலையில் நியூட்ரலுக்கு மாற்றி, இன்ஜின் சுற்று இறங்கியும் அதிர்வு அதே அளவில் தொடர்ந்தால், தேட வேண்டிய இடம் ஷாஃப்டிலிருந்து பின்னோக்கி: ஷாஃப்டின் நேர்மை, ஹவுசிங், சக்கரம். நின்றுவிட்டால் இன்ஜின் பக்கம் போங்கள், அல்லது சுமை ஏறும்போது மட்டும் கெடும் கோணத்தை மறுபடி அளங்கள்.